நெப்ராஸ்காவோடு தொடர்புடையவர்கள்

ஜகதேவி சாலையில் எடைமேடையைத் தாண்டி
எங்கள் கிரானைட் கம்பெனிக்கு
நெப்ராஸ்கா ஓர் எக்செல் ஷீட்டாக வந்து சேர்ந்தது.
இருநூற்றுப் பதினேழு பெயர்கள்.
பிறந்த வருஷம், இறந்த வருஷம், செய்த காரியம்.
கடைசிக் கட்டத்தில்
அந்த மாநிலத்தோடு என்ன தொடர்பு என்பது.

அங்கே ஏதோ ஒரு பூங்காவில்
நம் கறுப்புக் கல்லில் சுவர் எழும்பப் போகிறதாம்.
ரப்பர் ஷீட்டில் எழுத்து வெட்டுவது என் வேலை.
மணலடிப்பது சம்பங்கி.
எழுத்து பிசகினால் பிடித்தம் எனக்கு,
ஆழம் பிசகினால் அவனுக்கு.

லோரன் ஹக்ஸ்டெட், கவர்னர்.
இரண்டு பாலம் கட்டினார், ஒன்று நிற்கிறது.
கிளைட் பென்ரி, பேஸ்பால்.
என்ன சாதித்தாரென்று மூன்று முறை படித்தேன்.
'நம்ம ஊரு ரன் அவுட் மாதிரி ஏதோ' என்றான் சம்பங்கி.
மேபல் ஸ்ட்ராண்ட்,
மழையில்லாத மூன்று வருஷம்
மக்காச்சோளத்தைச் சாகவிடாமல் வைத்திருந்தவள்.
ஒருவர் புயலைத் துரத்திப் படமெடுத்தவர்.
அவர் இறந்த வருஷத்தை
வெட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது எப்படியென்று.

நூற்று நாற்பதாவது ஆள் சினிமாக்காரர்.
பிறந்த நாற்பதாம் நாள்
ரயிலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்,
பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.
தொடர்பு: பிறப்பு.
அதற்கு அடுத்தவர் வேறெங்கோ போகிற வழியில்
நெஞ்சு வலித்து இறக்கப்பட்டவர்.
ஸ்டேஷன் பெஞ்சிலேயே முடிந்துவிட்டது.
தொடர்பு: இறப்பு.

'நாப்பது நாளு போதுமா?' என்றாள் திம்மக்கா,
பாலிஷ் கல்லைக் கழுவிக்கொண்டே.
வி.கோட்டாவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு
இருபத்தாறு வருஷம்.
ரேஷன் கார்டில் இன்னும் அவள் பெயர்
அடுத்த முகாமுக்கு வரச் சொல்கிறது.
சம்பங்கி வீட்டில் தெலுங்கு,
ஆனேக்கல் மாமியாரிடம் போனில் கன்னடம்,
கம்ப்ரெஸர் நின்றுபோனால் மட்டும் சுத்தமான தமிழ்.
அவனை எந்த ஷீட்டில் எந்த வரிசையில் போடுவது?

நான் இதையெல்லாம் யோசித்த நாளில்தான்
மேபலின் பெயரில் கடைசி 'டி'யை விட்டேன்.
மணலடித்து, ரப்பரை உரித்து,
தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்
கண்ணாடி போன்ற கல்லில்
மேபல் ஸ்ட்ரான் என்று யாரோ ஒருத்தி.

வேறு கல் அறுத்தார்கள்.
பதினோராயிரம், ஆறு மாதப் பிடித்தம்.
மேனேஜர் கத்தவில்லை.
கத்தியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆகஸ்டில் கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போனது.
ஸ்ட்ரானைத் தூக்கி
கேட்டுக்கு முன்னாலிருந்த சாக்கடைமேல் போட்டார்கள்,
எழுத்து மேலே தெரிய.
முதல் நாள் எல்லோரும் தாண்டிக் குதித்தோம்.
இரண்டாம் நாள் சம்பங்கி மட்டும்.
இப்போது டீக்காரப் பையன்
அதன்மேல்தான் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிறான்.

அக்டோபரில் மெயிலில் ஒரு போட்டோ வந்தது.
சுவர், புல், நம் வானத்தைவிடக் கொஞ்சம் பெரிய வானம்.
அதுவும் நம் கல்லில்தான் தெரிந்தது.
தொப்பி போட்ட ஒரு நடுவயதுப் பெண்
மேபல் ஸ்ட்ராண்டின் 'டி'மேல்
உள்ளங்கையை வைத்தபடி
கேமராவைப் பார்க்காமல் நிற்கிறாள்.
சம்பங்கி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
பென்ரியின் பெயருக்கடியில்
பசைபோட்டு அடைத்த ஒரு சில்லைக் கண்டுபிடித்தான்.
'இது நான்' என்றான்.
நாலு பேரிடம் காட்டினான்.

சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீர் எடுத்துப்போய்
சாக்கடைக் கல்லைக் கழுவிவிட்டேன்.
மறுநாள் லாரி வந்தது, மறுபடியும் சேறு.

பரவாயில்லை.
எனக்கும் மேபலுக்கும்
இன்னும் இரண்டு மாதத் தொடர்பு
சம்பளத்தில் பாக்கியிருக்கிறது.